பாறையேறப் புறப்படும் தங்கைக்கு



சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவிற்கு முன்னாள் மாணவியாக வந்திருந்தேன். விழா முடிந்ததும் பதினோராம் வகுப்பு மாணவியர் ஐந்தாறு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். "அக்கா, நீங்கள் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவீர்களாமே! நாங்களும் ஏற வேண்டும். முதலில் என்ன வாங்க வேண்டும்?" என்று ஆவலோடு கேட்டனர். அவர்களுள் ஒருத்தியின் தாயார் அருகிலேயே நின்றிருந்தார். "ஒண்ணும் வாங்க வேண்டாம்மா. என் வயித்துல நெருப்பைக் கட்டாம இருந்தா அதுவே போதும்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அந்தப் பேச்சே என் மனத்தில் சுழன்றது. மகளின் கேள்வி நியாயமானது. தாயின் அச்சமும் நியாயமானது. இரண்டிற்கும் விடை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. ஆகவே நம் ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

பெண்ணுக்கு எதற்குப் பாறை?

முதலில் இந்தக் கேள்வியைத் தாண்டிவிடுவோம். 1984-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் பச்சேந்திரி பால் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். அவரே அச்சிகரத்தை எட்டிய முதல் இந்தியப் பெண்மணி. உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் முறையாகப் பயின்றவர் அவர். 2014-இல் தெலங்கானாவைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா என்னும் பழங்குடிச் சிறுமி, பதினான்கு வயது நிரம்புமுன்னரே எவரெஸ்டில் ஏறினாள். அரசின் சமூக நல விடுதிப் பள்ளியில் படித்தவள். ஐதராபாத்திற்கு அருகிலுள்ள போங்கீர்ப் பாறையில் முதல் பாடம் கற்றவள். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாகப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அதில் பெண்கள் பிரிவில் பொற்பதக்கம் பெற்ற ஸ்லோவேனிய நாட்டு வீராங்கனை யான்யா கார்ன்பிரெட், 2024-இல் பாரிஸ் நகரிலும் பொன்னையே வென்றார்.

துறவிகளுக்கும் மலை அந்நியமன்று. 1922 முதல் 1939 வரை திருத்தந்தையாக விளங்கிய பதினோராம் பத்திநாதர், குருவாக இருந்த நாளில், 1889-இல் ஆல்ப்ஸ் மலைத் தொடரின் மோன்தே ரோசா சிகரத்தை அதன் கடினமான கிழக்குப் பக்கமாக ஏறியவர். அவரே 1923-இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆகவே பெண்களால் முடியுமா என்பது இன்று கேள்வியே அன்று. எந்தக் கயிற்றை நம்பி ஏறுகிறாய் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்தது என் தந்தை கொடுத்த ஒரு கயிறு.

அப்பா தந்த கயிறு

நான் கடற்கரை ஊரில் பிறந்தவள். என் தந்தை வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். 2013-இல் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கிருந்து மைசூர்ச் சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் ராமநகரம் என்னும் ஊர் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் பெரிய பெரிய கருங்கற் குன்றுகள். 1975-இல் வெளிவந்த 'ஷோலே' திரைப்படத்தில் வரும் பாறைகள் அவைதாம். வார இறுதிகளில் அங்கே பாறையேற்றம் கற்பிப்பார்கள். தோழியரோடு நானும் போனேன். அன்றே அந்தக் கலை என்னைப் பிடித்துக்கொண்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "கயிறு மட்டும் பல ஆயிரம் ரூபாய் ஆகுமாம் அப்பா" என்று இழுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், புதிதாக வாங்கி வைத்திருந்த பச்சை நிற பிளாஸ்டிக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் போட்டார்.

"மக்களே, இது வள்ளத்தையே கட்டிப் போடுற கயிறு. ஒன்னத் தாங்காதா?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மலையேறுவதை வேண்டாம் என்று சொல்லாமல், தம் தொழிலுக்கு வாங்கிய கயிற்றையே எடுத்துத் தந்த அப்பா! அந்தச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு பெருமையோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தேன்.

எங்களுக்குக் கற்பித்த அக்கா ஓசூர்ப் பக்கத்துக்காரர். கயிற்றைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆறடி உயரத்திலிருந்து மணலில் குதிப்பாயா, சிமெண்டுத் தரையில் குதிப்பாயா?"

"மணலில்தான்" என்றேன்.

"ஏன்? இரண்டும் உன்னைத் தாங்கத்தானே செய்யும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாறையிலிருந்து விழுகிறவளைக் கயிறு நிறுத்தினால் மட்டும் போதாது. மெல்ல நிறுத்த வேண்டும். நீண்டு கொடுத்து, விழுந்த வேகத்தைத் தானே விழுங்கிக்கொள்ள வேண்டும். நீளாத கயிறு அறுந்து போகாமல் இருக்கலாம். ஆனால் அந்த அதிர்ச்சி முழுவதும் உன் முதுகெலும்பிலும், பாறையில் அறைந்த ஆணியிலும் போய் இறங்கும். மேலும், படகு கட்டும் அந்த பாலிபுரொப்பிலீன் கயிறு உராய்வுச் சூட்டில் எளிதில் உருகும். வெயிலில் கிடந்து கிடந்து வலுவிழக்கும்.

அன்றிரவு தயங்கித் தயங்கி அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மனம் நோகுமோ என்று எனக்குப் பயம். நான் சொல்லி முடிக்குமுன்னே அவர் சொன்னார்: "அதானே! வள்ளத்தை இறுக்கிக் கட்டினா, பெரிய அலைக்குக் கட்டுன கொம்பே பிடுங்கிக்கிட்டுப் போவும். அலைக்கு எடங்குடுத்துத்தான் கட்டணும். ஒங்க டீச்சர் சொல்றது சரிதான்."

படிப்பறிவு குறைந்த என் தந்தைக்குத் தெரிந்திருந்த உண்மை, பட்டம் பெற்ற எனக்குத் தெரியவில்லை. வலுவானது என்பது வேறு. இந்த வேலைக்கு ஏற்றது என்பது வேறு.

கயிறு சொல்லும் பாடம்

பாறையேற்றக் கயிறு உள்ளே நைலான் திரிகளும், வெளியே நெருக்கமாகப் பின்னிய உறையும் கொண்டது. ஜெர்மானிய நிறுவனம் ஒன்று 1953-இல் இவ்வகைக் கயிற்றை உருவாக்கியது. இதில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று நீண்டு கொடுக்கும் 'டைனமிக்' கயிறு. மற்றொன்று அதிகம் நீளாத 'ஸ்டாட்டிக்' கயிறு. முன்னது விழக்கூடியவர்களுக்கு, பின்னது இறங்குவதற்கும், சுமை ஏற்றுவதற்கும், மீட்புப் பணிக்கும். கடையில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். முனையில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தே வேறுபாடு அறிய வேண்டும். டைனமிக் கயிற்றுக்கு ஐரோப்பியத் தர எண் 892. ஸ்டாட்டிக் கயிற்றுக்கு 1891. உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பாகிய யு.ஐ.ஏ.ஏ. 1932-இல் தோன்றியது, அதன் முத்திரையும் பல பொருள்களில் இருக்கும்.

ஒற்றைக் கயிறாகப் பயன்படும் டைனமிக் கயிற்றைச் சோதிக்கும்போது, 80 கிலோ எடையைக் கட்டி விழவிடுகிறார்கள். முதல் வீழ்ச்சியில் ஏற்படும் இழுப்பு 12 கிலோ நியூட்டனுக்கு மேற்படக் கூடாது. ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிலோ எடையின் இழுப்பு. கயிறு தன் நீளத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நீளவும் கூடாது. அத்தகைய கடுமையான வீழ்ச்சிகளைக் குறைந்தது ஐந்து முறை தாங்கினால்தான் அதற்குச் சான்று. எங்கள் வள்ளத்துக் கயிற்றை எவரும் இவ்வாறு சோதித்ததில்லை. அது அதன் வேலையும் அன்று.

உனக்கு உரியது எது? குழுவுக்கு உரியது எது?

இனி, தங்கையர் கேட்ட கேள்விக்கு வருவோம். என் கருத்து இதுதான்: தொடக்க நிலையில் இருப்பவள் தன் உடம்போடு ஒட்டியிருப்பவற்றை மட்டும் வாங்கட்டும். காலணி, தலைக்கவசம், இடுப்பு வார் ஆகிய மூன்றும் அவை. கயிறும், பாறையில் பூட்டும் கருவிகளும் குழுவுக்கு உரியவை. அவற்றை அறிந்தவர்கள் வாங்கி, அறிந்தவர்கள் காக்கட்டும். முதல் மாதமே கயிறு வாங்கும் பெண்ணைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. கயிறு கையில் இருந்தால் ஆசிரியை இல்லாமலே ஏறலாம் என்ற துணிச்சல் வந்துவிடும்.

காலணி: பாறையேற்றக் காலணியின் அடிப்பாகம் வழவழப்பான, பிடிப்பு மிகுந்த ரப்பரால் ஆனது. கான்வாஸ் ஷூவால் அந்த வேலை ஆகாது. முதல் சில வகுப்புகளுக்கு வாடகைக் காலணியே போதும். பிறகு வாங்கும்போது மாலை வேளையில் கடைக்குப் போ. அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். விரல்கள் முன்புறத்தைத் தொட்டுச் சற்றே மடிந்திருக்க வேண்டும். குதிகால் காலணிக்குள் ஆடக் கூடாது. ஆனால் வலிக்கவும் கூடாது. வலிக்க வலிக்க அணிவது தேர்ந்தவர்களின் வேலை. அதைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

தலைக்கவசம்: மேலிருந்து கல் விழும், விழும்போது தலை பாறையில் மோதும். இரண்டிலிருந்தும் காப்பது இதுவே. ஸ்கூட்டர் ஹெல்மெட்டும் கட்டடத் தொழிலாளர் தொப்பியும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நெற்றியை மறைக்கும்படி நேராக அணிந்து, தாடை வாரைப் போடுவதற்கு முன்பே தலையை ஆட்டிப் பார். கழன்று சரிந்தால் அளவு சரியில்லை. பலத்த அடி ஒன்று பட்டுவிட்டால், விரிசல் தெரியாவிட்டாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடு.

இடுப்பு வார்: ஹார்னஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக அமர வேண்டும். இரு கைகளாலும் கீழே இழுத்தாலும் இடுப்பைத் தாண்டி இறங்கக் கூடாது. தொடை வளையத்தில் உள்ளங்கை தட்டையாக நுழைய இடமிருந்தால் போதும். இடுப்பு இன்னும் வளராத சிறுமியருக்கு மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் வாரே ஏற்றது. இன்னொன்றைக் கவனி: பக்கவாட்டில் தொங்கும் சிறு வளையங்கள் கருவிகளை மாட்டுவதற்கு மட்டுமே, உன் எடையைத் தாங்குவதற்கு அல்ல. கயிற்றை எங்கே கட்ட வேண்டும் என்பதை ஆசிரியை தொட்டுக் காட்டக் கேட்டுக்கொள்.

இவற்றோடு காசு கொடுத்து வாங்க வேண்டாத சில முன்னேற்பாடுகளும் உண்டு. துப்பட்டா பாறைக்கு வரக் கூடாது. பின்னலைச் சுருட்டிக் கட்டு. தொங்கும் கூந்தல் கயிற்றோடு சேர்ந்து கருவிக்குள் இழுபட்டுவிடும். மோதிரத்தையும் வளையலையும் வீட்டில் வைத்துவிட்டு வா. மோதிரம் பாறை இடுக்கில் சிக்கினால் விரலையே இழக்க நேரும். கழுத்துச் சங்கிலி சட்டைக்குள் இருக்கட்டும்.

காரபினர் எனப்படும் உலோகக் கொக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். வாய் மூடியிருந்தால் 20 கிலோ நியூட்டன் அல்லது அதற்கும் மேல். அதாவது ஏறக்குறைய இரண்டு டன். அதே கொக்கியின் வாய் திறந்திருந்தால் ஏறத்தாழ 7 மட்டுமே. திருகை மூட மறந்தவளுக்கு, தான் வாங்கிய வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். விலையுயர்ந்த பொருளும் கவனமில்லாத கையில் மலிவான பொருளாகிவிடுகிறது.

வரலாறு தெரியாத பொருள்

இப்போது பலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லப் போகிறேன். நம் வீடுகளில் அக்காளின் சீருடை தங்கைக்கு வரும். மேல்வகுப்பு மாணவியின் பாடநூல் அடுத்த ஆண்டு நமக்கு வரும். நானும் அப்படித்தான் படித்தேன். சிக்கனம் நற்பண்பு; கொடுத்து உதவுவது அதைவிட நற்பண்பு. ஆனால் உயிர் தொங்கும் பொருளில் அந்தப் பண்பை அப்படியே கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

பெங்களூரில் ஒரு தோழி வெளிநாடு சென்றபோது தன் இடுப்பு வாரை எனக்கு இலவசமாகத் தந்தாள். பார்ப்பதற்குப் புதிது போலவே இருந்தது. மகிழ்ச்சியோடு வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அக்கா அதைத் தொடவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். "எந்த ஆண்டு செய்தது? எத்தனை முறை விழுந்திருக்கிறாள்? வீட்டில் எங்கே வைத்திருந்தாள்?" தோழியிடம் விசாரித்தேன். ஆண்டு அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பண்டகசாலை அறையில், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பேட்டரியின் அமிலம் பட்டால், அதன் ஆவி பட்டாலும்கூட, நைலான் உள்ளுக்குள்ளே அரிக்கப்படும். வெளியே ஒரு கறைகூடத் தெரியாமல் இருக்கலாம். அந்த வாரை மீண்டும் எவரும் எடுத்து அணியாதபடி கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினோம். என் கை நடுங்கியது. நல்ல பொருளை வீணாக்குகிறோமே என்ற நடுக்கம் அது. அதை அணிந்து தொங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தபோது அந்த நடுக்கம் நின்றது.

பழையது என்பதால் வெட்டவில்லை. அதன் வரலாறு தெரியாததால் வெட்டினோம். எங்கள் குழுவில் பலர் மாறி மாறி அணியும் வார்கள் இருக்கின்றன. அவற்றை வாங்கிய நாள், பயன்படுத்திய நாள்கள், பட்ட அடிகள் எல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் தயங்காமல் அணிவேன். வார், கயிறு போன்ற துணிப் பொருள்களுக்குச் செய்தவர்களே ஆயுட்காலம் குறித்துத் தருகிறார்கள். பெரும்பாலானவை பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகாது. தையல் பிரிந்தாலோ, உறை கிழிந்தாலோ, கயிற்றை விரலால் தடவி வரும்போது ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ, பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே விலக்கிவிட வேண்டும்.

பேணும் முறையும் எளிதே. கயிற்றை மிதிக்காதே, மணல் துகள்கள் உள்ளே புகுந்து திரிகளை அறுக்கும். அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டு அலசி, நிழலில் உலர்த்து. வெயிலிலும், பேட்டரி அருகிலும், மண்ணெண்ணெய் டின்னோடும் வைக்காதே.

முடிச்சு முடிந்ததா?

"எல்லாம் புதிதாக வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை" என்று எண்ணுகிறாயா? அமெரிக்க வீராங்கனை லின் ஹில்லின் கதையைக் கேள்.

1989-இல் அவர் உலகின் தலைசிறந்த பாறையேற்ற வீராங்கனைகளுள் ஒருவர். பிரான்சு நாட்டில் ஒரு பாறையில், அவருக்கு மிக எளிதான வழியொன்றில், உடலைச் சூடாக்கிக்கொள்வதற்காக ஏறினார். கயிற்றை இடுப்பு வாரில் நுழைத்திருந்தார். முடிச்சை முடிக்க மறந்திருந்தார். மேலே போய்ச் சேர்ந்து, கீழே இறக்கிவிடட்டும் என்று கயிற்றில் சாய்ந்தார். கயிறு உருவிக்கொண்டது. எழுபது அடிக்கு மேல் விழுந்தார். கீழேயிருந்த மரக்கிளைகள் வேகத்தைத் தணித்ததால் உயிர் பிழைத்தார், முழங்கை மூட்டு விலகியது, காலிலும் காயம். கயிறு குறையற்றது, வார் குறையற்றது, ஏறியவரோ வல்லவர். குறை ஒன்றே: அந்த ஒரு நிமிடம் எவரும் சரிபார்க்கவில்லை.

அவர் மீண்டும் எழுந்தார். 1993-இல் கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் என்னும் செங்குத்துப் பாறையில், ஏறக்குறைய 3000 அடி உயரமுள்ள 'நோஸ்' வழியை, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தம் கைகால்களின் வலிமையாலேயே ஏறி முடித்தார். ஆண்களிலும் பெண்களிலும் அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஆண்டே அதை ஒரே நாளுக்குள் செய்து காட்டினார்.

ஆகவே ஏறுமுன் ஒவ்வொரு முறையும் இருவரும் ஒருவரையொருவர் சோதியுங்கள். இடுப்பு வாரின் கொக்கிகள் பூட்டியுள்ளனவா? எட்டு வடிவ முடிச்சு உரிய இடத்தில், முழுமையாகப் போடப்பட்டுள்ளதா? கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவளின் கருவியில் கயிறு சரியான பக்கமாக நுழைந்துள்ளதா? காரபினரின் திருகு மூடியுள்ளதா? கயிற்றின் மறுமுனையில் முடிச்சு இருக்கிறதா? கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ணாதே. 60 மீட்டர் கயிற்றால் 30 மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்துதான் ஒருவரை இறக்க முடியும். கயிறு தீர்ந்து, முனை கருவியைவிட்டு நழுவி, விழுந்தவர்கள் உண்டு. முனையில் ஒரு முடிச்சு இருந்தால் அது அங்கேயே தடுத்து நிறுத்திவிடும்.

கீழே நிற்பவளுக்கு ஒரே கட்டளை: கயிற்றைப் பிடித்த கையை எடுக்காதே. தானே இறுகிப் பிடிக்கும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன, நல்லவைதாம். ஆனாலும் கை கையாகவே இருக்கட்டும். கொசு கடித்தாலும், கைப்பேசி மணி அடித்தாலும், தோழி படம் எடுக்கக் கூப்பிட்டாலும் கையை எடுக்காதே. மேலே தொங்குவது இன்னொரு தாயின் பிள்ளை.

'நம்மை நம்பவில்லையா?' என்று சோதிப்பதைத் தவறாக எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெரியவர்களையும் ஆசிரியையரையும் சோதிப்பது மரியாதைக் குறைவு என்றும் நினைக்கிறோம். பாறையடியில் அப்படியில்லை. என் ஆசிரியை ஒவ்வொரு முறையும் தம் முடிச்சை என்னிடம் காட்டுவார். "பார்த்துச் சொல்லம்மா" என்பார். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், இரண்டு மாதம் பழகியவளிடம் கேட்பார். பணிவு என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கண்ணால் கண்டேன்.

பள்ளிக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்

அருட்சகோதரியரே! பாறையேற்றம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது என்பது என் ஆசை. ஒவ்வொரு மாணவியும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. பல அளவுகளில் தலைக்கவசங்களும் இடுப்பு வார்களும் பள்ளிக்கெனப் புதிதாக வாங்கி, ஒரு பதிவேடும் வைத்தால் பல ஆண்டுகள் பல மாணவியர்க்குப் பயன்படும். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் எடுத்து, கையெழுத்திட்டு, குறையைக் குறிப்பிட்டுத் திருப்பித் தரட்டும். கயிறும் பயிற்சியும் முறையாகப் பயின்ற பயிற்சியாளரிடமிருந்தே வரட்டும். அந்தப் பதிவேட்டை எழுதப் பழகும் பெண், பாறைக்கு அப்பாலும் பொறுப்புள்ளவளாக வளர்வாள்.

பெற்றோரே! "போகாதே" என்று சொல்வதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். கற்பிப்பவர் எங்கே பயின்றவர்? கயிறு எந்த ஆண்டு வாங்கியது? பதிவேடு இருக்கிறதா? முடிச்சை யார் சரிபார்க்கிறார்கள்? இவற்றிற்குத் தயங்காமல் விடை சொல்லும் இடத்திற்குப் பிள்ளையை அனுப்புங்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடமானால் அழைத்து வந்துவிடுங்கள். அச்சம் இருப்பதில் தவறில்லை. அந்த அச்சம் பிள்ளையைப் பூட்டி வைக்காமல், சரியான கேள்வியாக மாறட்டும்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள விரும்பாத அந்தத் தாயாருக்கும் இதையே சொல்வேன். அம்மா, ஒரு நாள் மகளோடு நீங்களும் பாறையடிக்கு வாருங்கள். அவள் தன் முடிச்சை உங்களிடம் காட்டட்டும். நீங்களே பார்த்து "சரி" என்று சொன்ன பிறகு ஏறட்டும்.

என் அப்பாவின் கயிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த விடுமுறையில் அதை ஊருக்கே திருப்பி எடுத்துச் சென்றேன். பல ஆண்டுகள் எங்கள் வள்ளத்தைக் கட்டி நிறுத்தி, தன் கடமையை நன்றாகவே செய்தது. அந்த முறை நான் பெங்களூருக்குப் புறப்படும்போது அப்பா பேருந்து நிலையம் வரை வந்தார். வண்டி நகரும் வேளையில் சன்னலருகே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "மக்களே, நீ ஏறும்போது கீழ நிக்கிறது யாரு?"

தங்கையரே, கடைக்குப் போகுமுன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். நல்ல ஆசிரியையைத் தேடுங்கள். நல்ல தோழியைத் தேடுங்கள். பிறகு நல்ல காலணியைத் தேடலாம். கேட்டு வாங்குங்கள், பார்த்துக் கட்டுங்கள், துணிந்து ஏறுங்கள்!

— ஒரு முன்னாள் மாணவி